அம்மைப்பாலும் தோட்டத்துப் பிள்ளைகளும்

தமிழர் நோய்களுக்கு இட்ட பெயர்களுள் 'அம்மை' என்பது தனித்து நிற்பது. சுரம், இருமல், வாதம், சயம் என ஏனைய நோய்கள் உடலிற் காணும் குறியாலோ தன்மையாலோ பெயர் பெற்றிருக்க, பிள்ளைகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோன கொடுநோய் ஒன்று மட்டும் தாயின் பெயரைத் தாங்கியது. 'அம்மை வார்த்திருக்கிறது' என்பர். 'ஆத்தாள் விளையாடுகிறாள்' என்பர். உடலெங்கும் கிளம்பும் கொப்புளத்திற்கு 'முத்து' என்று பெயர். நோய் தணிவது 'அம்மை இறங்குதல்'. தணிந்தபின் வேப்பிலையும் மஞ்சளும் கலந்து நீராட்டுவது 'தண்ணீர் வார்த்தல்'. செத்தாரைத் துஞ்சினார் என்பதை மங்கல வழக்கென்று மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வழக்குகளையும் அவ்வகையில் அடக்குவர். அச்சமே இங்கு மரியாதையாகி நின்றது எனலாம்.

இதனினும் வியப்புக்குரியது மற்றொன்று உண்டு. அந்நோயைத் தடுப்பதற்கென்று ஐரோப்பாவிலிருந்து வந்த முறையும் தமிழில் அன்னையின் பெயரையே பெற்றது. அதற்கு 'அம்மை குத்துதல்' என்று பெயர்; குத்தும் மருந்து 'அம்மைப்பால்'; பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வந்தவர் 'அம்மை குத்துகிறவர்'. நோயும் மருந்தும் ஒரே பெயரால் வழங்குதல் எளிதாக நேர்ந்துவிடும் காரியம் அன்று. அப்பெயர் வழக்கூன்றியதற்குப் பின்னே ஏறத்தாழ நூறாண்டுக் காலத்து அச்சமும் பிணக்கும் உடன்பாடும் அடங்கியுள்ளன. அச்சொல்லும், அதனோடு நோயும் மருந்தும், வங்கக் கடலைக் கடந்து பினாங்குத் துறையில் இறங்கி, கிரியான் ஆற்றங்கரையில் உள்ள நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்கள்வரை வந்தன. மலாயாத் தமிழரின் குடியேற்ற வரலாற்றைக் கூலிக் கணக்காலும் கப்பற் கணக்காலும் எழுதியவர் பலர். பிள்ளைகளின் கையில் விழுந்த வடுவைக் கொண்டு அதனை நோக்கினால் வேறு சில செய்திகள் புலப்படும்.

பெரியம்மை கண்ட வீட்டின் நியமங்களை முதியோர் சொல்லக் கேட்டவர் இன்றும் உளர். வாயிலில் வேப்பிலை செருகப்படும். அதைக் கண்ட அயலார் உள்ளே வாரார். வீட்டில் தாளிதம் இல்லை. எண்ணெய்ச் சட்டி ஏறாது. பிச்சைக்கு வந்தவனும் திரும்பிப் போவான். நோயாளியை ஒருவரே கவனிப்பர். பெரும்பாலும் அவர் முன்னரே அம்மை கண்டு பிழைத்தவராக இருப்பார். இவற்றை மூடப்பழக்கம் என்று தள்ளிய வெள்ளைக்கார மருத்துவர் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். நோயாளியைத் தனிமைப்படுத்துதல், முன்பு நோய் கண்டு தேறியவரையே பணிவிடைக்கு வைத்தல் என்னும் இரண்டும் இக்காலத்துத் தொற்றுநோய் மருத்துவமனையில் கைக்கொள்ளும் முறைகளே. ஆயினும், பக்தியால் நோய் பரவுவது ஓரளவு தடைப்பட்டதேயன்றி, கண்டவரைக் காத்தல் இயலவில்லை. கடுமையான வகைப் பெரியம்மை தாக்கியவருள் ஏறத்தாழ பத்தில் மூவர் மாண்டனர். பிழைத்தவர் பலர் முகத்தில் தழும்போடும், சிலர் கண்ணிழந்தும் வாழ்ந்தனர்.

அம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை வாராது என்பதைப் பழங்காலத்தாரும் அறிந்திருந்தனர். அவ்வறிவினின்று, நோயாளியின் கொப்புளத்து நீரைச் சிறிதளவு எடுத்து நலமுள்ளவர் உடலில் கீறிச் செலுத்தும் முறை தோன்றியது. துருக்கியிலும் வங்காளத்திலும் அது வழங்கிற்று. தமிழ்நாட்டில் அவ்வளவாக வேரூன்றவில்லை. அதில் இடர் இருந்தது. குத்திக்கொண்டவருள் சிலர் இறந்தனர். அவரிடமிருந்து பிறருக்கும் நோய் பரவியது. 1796 மே 14ஆம் நாள் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்னும் மருத்துவர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் மாட்டிடமிருந்து தொற்றியிருந்த கொப்புளத்து நீரை எடுத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். மாட்டம்மை மனிதரைப் பெரிதும் வருத்தாது. ஆயினும் பெரியம்மையைத் தடுக்கும் ஆற்றலை உடலில் உண்டாக்கும். இலத்தீன் மொழியில் பசுவுக்கு 'வாக்கா' என்று பெயர். 'வாக்சின்' என்னும் சொல் பிறந்தது அதினின்றே.

முறை எளிது, மருந்தை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்வதுதான் அரிதாயிற்று. கண்ணாடித் துண்டில் உலரவைத்த நீர் வெப்பத்தில் சில நாட்களிலேயே பயனற்றுப் போயிற்று. ஆகவே ஒரு பிள்ளைக்குக் குத்தி, எட்டாம் நாள் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து மற்றொரு பிள்ளைக்குக் குத்தி, இவ்வாறு கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டே போகவேண்டியதாயிற்று. 1803இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் பால்மிஸ் அமெரிக்காவுக்கு அம்மைப்பாலைக் கொண்டுசென்றபோது, அனாதைச் சிறுவர் 22 பேரைக் கப்பலில் ஏற்றி, அவர் உடலையே மருந்துக் குப்பியாக்கினார். இந்தியாவுக்கு அது பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தியது பலித்தது. அக்குழந்தையின் கையிலிருந்து புறப்பட்ட தொடர் அவ்வாண்டிலேயே சென்னையையும் இலங்கையையும் எட்டிற்று. அரசரும் ஆளுநரும் பெற்ற புகழுக்கு இடையே, மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று ஒரு துணைக்கண்டத்துக்கே மருந்தூற்றாக இருந்த செய்தி பலர் கண்ணில் படுவதில்லை.

கையிலிருந்து கைக்கு மாற்றும் இம்முறை சாதிப் பிரிவுகள் மிக்க நாட்டில் எத்தகைய கலக்கத்தை விளைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எவர் வீட்டுப் பிள்ளையின் உடல்நீர் எவர் வீட்டுப் பிள்ளையின் உடலில் புகுவது என்பது முதல் வினா. தம் பிள்ளையின் கொப்புளத்தை மீண்டும் கீறுவதற்குத் தாயார் உடன்படாமை இரண்டாவது தடை. பிற நோய்களும் அவ்வழியே தொற்றின. இஃது உண்மையான குறையே. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்னை விளையாடும் உடலில் அயலான் கத்தி வைப்பது அவள் சினத்தைத் தூண்டும் என்ற அச்சம் நின்றது.

இவ்வச்சத்தைச் சட்டத்தால் வெல்ல முடியாது என்று உணர்ந்தவருள் ஒருவர் தமிழறிஞர் நன்கறிந்தவரே. 1810இல் சென்னையின் கலெக்டரானவரும், 1812இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றக் காரணமாயிருந்தவரும், கால்டுவெலுக்கு நாற்பதாண்டு முன்னரே, 1816இல், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பமென்று எழுதியவரும் ஆகிய எல்லிஸ் துரைதான் அவர். திருக்குறளில் தோய்ந்து 'எல்லீசன்' என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட அப்பெரியார், அம்மை குத்துதலைப் பரப்புவதற்கென்று தமிழில் ஓர் உரையாடல் இயற்றினார். உரையாடுவோர் தேவ மருத்துவராகிய தன்வந்திரியும் சத்தியும். மாட்டம்மையை அன்னையே இரங்கி அருளிய கொடையாகக் காட்டுவது அதன் நோக்கம். கோமாதாவின் உடலில் தோன்றியது தீங்கு செய்யாது என்று நம்பும் மக்களிடம், அந்நம்பிக்கையின் வழியே நுழையப் பார்த்தார் எல்லிஸ்.

1819 சனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் கடிதம் ஒன்று வெளிவந்தது. பசுவின் மடியிலுள்ள கொப்புளத்து நீரைக் கொண்டு அம்மை குத்தும் முறை தன்வந்திரியின் பெயரால் வழங்கும் வடமொழி நூலொன்றில் முன்னமே கூறப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். கடிதத்தின் அடியில் இருந்த பெயர் 'கல்வி விரும்பன்'. அப்புனைபெயருக்குரியவர் எல்லிஸே என்று பிற்கால ஆய்வாளர் கருதுவர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே அவர் இராமநாதபுரத்தில் காலமானார். ஆனால் கடிதத்தின் செய்தி ஐரோப்பிய மருத்துவ நூல்களில் ஏறி, ஜென்னருக்கு முன்னரே இந்தியர் மாட்டம்மை குத்தியறிந்தனர் என்று நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது. அதற்குப் பழைய சான்று எதுவும் இல்லை. இந்தியர் கண்ணில் மருந்தைப் பழமையாக்கப் புனைந்த கதை, ஐரோப்பியர் கையில் வரலாறாக மாறிவிட்டது. நல்ல நோக்கத்திற்காகச் செய்த புனைவும் புனைவே. பிற்காலத்துப் பெருமை பேசுவோர் சிலர் இன்றும் அதனை மெய்யென நம்பி மேற்கோள் காட்டுவது வருந்தத்தக்கது. ஆயினும் எல்லிஸ் கண்ட உளவியல் உண்மை பொய்யன்று. அன்னையை விலக்கிவிட்டு மருந்து உள்ளே வர இயலாது. அன்னையின் பெயரோடு வந்தால் வரலாம். 'அம்மைப்பால்' என்னும் மக்கள் வழக்கு அதனையே மெய்ப்பித்தது.

கையிலிருந்து கைக்கு மாற்றும் முறையின் இடர்கள் நீங்க, கன்றின் தோலில் அம்மைப்பாலை வளர்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. சென்னை மாகாணத்தில் இதனைச் செம்மைப்படுத்தியவர் கிங் என்னும் இராணுவ மருத்துவர். கடும் வெயிலில் மருந்து கெடாதிருக்க எதனோடு அதனைக் குழைப்பது என்று அவர் ஆராய்ந்தார். 1899இல் கிண்டியில் நிறுவப்பட்டு அவர் பெயரால் வழங்கும் கிங் நிலையம், முதலில் அம்மைப்பால் செய்யும் இடமாகவே எழுந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்தோர் வரலாற்றில் கிண்டிக்கும் ஓர் இடம் உண்டு.

இனி அக்கடற் பயணத்தை நோக்குவோம். பினாங்குத் தீவு 1786இலும், அதற்கெதிரே நிலப்பகுதியிலுள்ள புரோவின்ஸ் வெல்லெஸ்லி 1800இலும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. இந்நிலப்பகுதியே இன்று செபராங் பிறை எனப்படுவது. அதன் தென்கோடியில், பேரா மாநிலத்தின் எல்லையாக ஓடும் கிரியான் ஆற்றை ஒட்டி நிபோங் திபால் அமைந்துள்ளது. நிபோங் என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் பனை. அஃது அடர்ந்த இடம் என்பது ஊர்ப்பெயரின் பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அச்சதுப்பை வெட்டித் திருத்திக் கரும்பு நட்டனர். ஒப்பந்தத்தில் கட்டுண்ட தமிழர் உழைப்பே அதற்கு உரமாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் இடத்தைப் பால்மரம் பிடித்தது. பின்னாளில் செம்பனை வந்தது. தோட்டப் பெயர்கள் சில இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிலைத்துள்ளன.

ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையிலும், 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் உதவியாலும் வந்த தொழிலாளர், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சில நாள் தங்கவைக்கப்பட்டனர். அங்கு மருத்துவர் பார்வையிட்டார்; அம்மை குத்தினர். பின்னர் கப்பல் பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். பினாங்குத் தீவின் கீழ்க்கரைக்கு அப்பால் உள்ள ஜெரெஜாக் தீவில் தடுப்பு முகாம் இருந்தது. கப்பலில் நோய்க்குறி தென்பட்டால் பயணிகள் அங்கு இறக்கப்பட்டனர்.

இவ்வேற்பாட்டின் உட்பொருளை விளக்குவது ஒரு சிறு கணக்கு. பெரியம்மை தொற்றியவருக்கு உடனே குறி தோன்றாது. 7 முதல் 19 நாள் வரை, பெரும்பாலும் 12 நாளளவு, நோய் உள்ளே மறைந்திருக்கும். பாய்மரக் கப்பல் பல வாரம் எடுத்துக்கொண்ட காலத்தில், ஊரில் தொற்றிய நோய் நடுக்கடலிலேயே வெளிப்பட்டுத் தணிந்துவிடவும் கூடும். நீராவிக் கப்பல் வந்து பயணம் ஒரு வாரமாகச் சுருங்கியபோது, ஊரில் தொற்றியவர் நலமாகவே கப்பலேறி நலமாகவே இறங்கித் தோட்டத்து லயத்தில் சென்று படுத்தபின் முத்து வெளிப்படும் நிலை உண்டாயிற்று. வேகமே ஆபத்தாயிற்று. முகாமில் ஒரு வாரம், கடலில் ஒரு வாரம் என்று இரண்டையும் கூட்டினால்தான் பன்னிரண்டு நாள் கழியும். தொற்றிய மூன்று நான்கு நாட்களுக்குள் குத்தினாலும் அம்மைப்பால் நோயை முந்திக்கொள்ளும் என்பது மற்றொரு நன்மை. ஆகவே முகாமில் தங்கவைத்ததையும் அங்கே குத்தியதையும் தனித்தனிச் சடங்குகளாகக் கருதலாகாது. அவை ஒரே வலையின் இரு முடிச்சுகள்.

ஆனால் அவ்வலை யாருக்காக விரிக்கப்பட்டது? கூலிக்கு வருபவர் நோயின்றி வந்து சேரவேண்டும் என்பதும், அவர் வழியே துறைமுகத்தில் நோய் புகலாகாது என்பதும் அரசாங்கத்தின் கவலை. குத்திக்கொள்ள மறுத்தவர் கப்பலேற முடியாது. அவரிடம் விருப்பம் கேட்கப்பட்டதாகச் சொல்வதற்கில்லை. தோட்டத்திலேயே பிறந்த பிள்ளையோ முகாமையும் காணவில்லை, கப்பலையும் காணவில்லை. நீரிணைக் குடியேற்றங்களில் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1860களின் இறுதியிலேயே பிறந்துவிட்டது. பட்டணத்துத் தெருவில் அச்சட்டம் செல்லும். கரும்புக் காட்டுக்கு நடுவே உள்ள லயத்துக்கு அது வந்து சேர்வது துரையின் மனத்தையும் மருந்துக்கார டிரசரின் முயற்சியையும் பொறுத்தது.

தாயின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குத்திய சில நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் காணும், கை வீங்கும். காய்ச்சலில் துவளும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு விடியற்காலையில் மரம் சீவப் போதல் எளிதன்று. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தோட்டத்துப் பெண்கள் ஊசிக்கு அஞ்சினர் என்று எழுதுவோர், அவ்வூசிக்கு அவர்கள் கொடுக்கவேண்டியிருந்த விலையையும் சேர்த்து எழுதுவதே முறை. அறியாமை என்னும் ஒரு சொல்லில் அதனை முடித்துவிடுதல் நீதியன்று.

ஊசியால் ஆகாதவையும் பல இருந்தன. சதுப்பைத் திருத்திய தோட்டங்களில் தொழிலாளரை மிகுதியாக மாய்த்தவை மலைக்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஆறாப் புண்களுமே. அவற்றுக்குத் தேவை வடிகால், நல்ல குடிநீர், வயிறார உணவு. தொழிலாளர் நிலையை ஆராய 1890இல் விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்கு நிலைமை கெட்டிருந்தது. அம்மை குத்துவதற்குச் செலவு சிறிது. வடிகால் வெட்டுவதற்கோ செலவு பெரிது. முன்னது விரைந்து நடந்ததற்கும் பின்னது பல்லாண்டு தாமதித்ததற்கும் காரணம் இவ்வேறுபாட்டிலேயே இருக்கிறது.

தொழிலாளர் தாமும் ஒரு காவல் ஏற்பாடு செய்துகொண்டனர். பினாங்கு ஜார்ஜ் டவுன் குயின் தெருவில் மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. தோட்டந்தோறும் லயத்துக்கு அருகே, முதலில் மரத்தடிச் சூலமாகவும் பின்னர் தகரக் கூரையாகவும் பின்னும் கோபுரமாகவும் மாரியம்மன் அமர்ந்தாள். மழைக்கும் மாரி, நோய்க்கும் மாரி என்பது தாயகத்து வழக்கு. மழைக்குக் குறைவில்லாத மலாயாவில் அவள் பெரும்பாலும் நோய் காக்கும் தாயாகவே வேண்டப்பட்டாள். கூழ் வார்ப்பதும் வேப்பிலை கட்டுவதும் ஒருபுறம், டிரசரிடம் பிள்ளையின் கையை நீட்டுவது மறுபுறம் என இரண்டும் முரணின்றி ஒரே குடும்பத்தில் நடந்தன. ஒன்றை ஏற்க மற்றொன்றை விட வேண்டும் என்று அம்மக்கள் கருதவில்லை.

பெரியம்மை ஒன்றுக்கே நெடுங்காலம் ஊசி இருந்தது. பிள்ளைகளைத் தாக்கும் ஏனைய நோய்களுக்குத் தமிழில் பெயர்தான் இருந்தது, தடுப்பு இல்லை. மூச்சை இழுத்திழுத்துப் பிள்ளையை நீலமாக்கும் இருமல் கக்குவான். தொண்டையில் தோல்போல் படர்ந்து மூச்சை அடைப்பது தொண்டை அடைப்பான். உடலை வில்லாக வளைப்பது இசிவு. பிறந்த சில நாட்களுக்குள், கொப்பூழ்க்கொடியை அறுத்த கருவியின் அழுக்கால் வருவதும் அதுவே. மணல்போல் வேர்த்து வருவது மணல்வாரி அல்லது தட்டம்மை. கன்னத்தடி வீங்குவது பொன்னுக்கு வீங்கி. பொற்சங்கிலி அணிவித்தால் வடியும் என்று நம்பியதால் வந்த பெயர் அது. சின்னம்மைக்கு நீர்க்கொளுவான் என்றொரு பெயர் உண்டு. மலாய்க்காரர் அதனையே 'சாச்சார் ஆயிர்', அதாவது நீரம்மை, என்பது ஒப்புநோக்கத்தக்கது. நடை பழகும் பிள்ளையின் காலைச் சூம்பச் செய்வது இளம்பிள்ளை வாதம்.

இந்நோய்களுக்குரிய தடுப்புகள் 20ஆம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சயநோய்க்குக் கால்மெட், கெரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் கண்ட பி.சி.ஜி. 1921இல் முதன்முதல் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதத்துக்கு 1955இல் ஸால்க்கின் ஊசியும், பின்னர் சேபினின் வாய்வழிச் சொட்டும் வந்தன. 1958இல் சிங்கப்பூரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிள்ளைகளுக்குச் சேபினின் மருந்து கொடுத்துப் பார்த்தனர். அம்மருந்து உலகில் பொது வழக்குக்கு வருமுன்னரே நடந்த பெருமுயற்சி அது. மலாயாவில் தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு மூன்றுக்கும் சேர்ந்த முத்தடுப்பூசி 1950களின் இறுதியிலும், பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. 1961இலும், இளம்பிள்ளை வாதச் சொட்டு 1972இலும், தட்டம்மை ஊசி 1980களிலும், மஞ்சட்காமாலை வகையொன்றுக்கான ஊசி 1989இலும் அரசாங்கத் திட்டத்தில் இடம்பெற்றன. நாடு விடுதலை பெற்றபின் கட்டாயச் சட்டமின்றியே இவை பரவின. சட்டம் இருந்த காலத்தில் லயத்துக்கு எட்டாத ஊசி, சட்டம் இல்லாத காலத்தில் கிராமத் தாய்சேய் நல நிலையத்தின் வழியாகவும் பள்ளிக்கூடத்தின் வழியாகவும் வந்து சேர்ந்தது.

ஊசியை ஐயுற்றவர் எல்லாரும் எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று எண்ணுதல் தவறு. 1955இல் பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்துத் தமிழ்நாட்டில் குரல் எழுப்பியவர் இராஜாஜி. முதலமைச்சராகவும், அதற்கு முன் இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் இருந்த பெரியார் ஒருவர், நன்கு ஆராய்ந்து நிறுவப்படாத மருந்தை நலமுள்ள கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடலில் செலுத்தலாமா என்று வினவினார். மருத்துவர் பலர் சினந்தனர். அவ்வினாவுக்கு விடையும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. 1968 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இலட்சக்கணக்கானோரிடையே நடந்த ஆய்வு, வயது வந்தோருக்கு வரும் நுரையீரற் சயத்தைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று 1979இல் வெளியிட்டது. அதே ஊசி குழந்தைகளுக்கு மூளையுறையில் வரும் சயத்தையும் உடலெங்கும் பரவும் சயத்தையும் பெரிதும் தடுக்கிறது என்பது பிற ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஐயம் முழுவதும் பொய்த்ததும் இல்லை, முழுவதும் மெய்யானதும் இல்லை. வினவியவரைப் பழித்ததால் விளைந்த பயன் ஒன்றுமில்லை. ஆராய்ந்ததால் விளைந்த பயன் பெரிது. இராஜாஜியின் பெயரைச் சொல்லி எல்லா ஊசியையும் மறுப்போர், செங்கற்பட்டு ஆய்வு எதைச் சொல்லிற்று, எதைச் சொல்லவில்லை என்பதையும் படித்தறிதல் நலம்.

பெரியம்மையின் முடிவு மட்டும் ஐயத்துக்கிடமின்றி நிகழ்ந்தது. 1950களில் கண்ட உறைவுலர் முறையால் அம்மைப்பால் வெப்ப நாட்டிலும் பல வாரம் கெடாதிருந்தது. கிங் அரைநூற்றாண்டுக்கு முன் தேடிய விடை அதுவே. 1967இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒழிப்பு வேலையை முடுக்கியது. அப்பொழுதும் பினாங்குத் துறைமுகம் அம்மை வழங்கிய இரு நாடுகளுக்கு இடையே கிடந்தது. இந்தோனேசியாவில் 1972இலும், இந்தியாவில் 1975இலும்தான் அது முற்றும் நீங்கியது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு வந்த 'ரஜூலா' கப்பலில் பயணம் செய்தோர், கடவுச்சீட்டோடு அம்மை குத்திய சான்றிதழையும் காட்டவேண்டியிருந்தது. அச்சான்று மூன்றாண்டுக்குச் செல்லும். தாயகத்தில் பேரப்பிள்ளையைக் காணச் சென்ற பாட்டியும் கையைக் காட்டியே கப்பலேறினார். 1977இல் சோமாலியாவில் கண்ட நோயாளியே இயற்கையாக நோய் தொற்றிய கடைசி மனிதர். 1980 மே 8ஆம் நாள் உலகம் பெரியம்மையினின்று விடுபட்டதென்று அறிவிக்கப்பட்டது. மனிதர் முற்றும் ஒழித்த மனித நோய் இன்றளவும் இஃது ஒன்றே.

நோய் மறைந்தால் அச்சமும் மறைகிறது. அச்சம் மறைந்த இடத்தில் ஊசியின் மேல் ஐயம் முளைக்கிறது. 2016இல் மலேசியாவில், நிபோங் திபாலுக்கு அண்மையிலுள்ள கெடாவிலும், தெற்கே மலாக்காவிலும் தொண்டை அடைப்பானால் பிள்ளைகள் இறந்தனர். ஊசி போடப்பெறாத பிள்ளைகளே பெரிதும் பாதிக்கப்பட்டனர். 2019 திசம்பரில் சபா மாநிலத்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. மலேசியாவில் 27 ஆண்டுகளுக்குப்பின் தோன்றிய முதல் நோயாளி அக்குழந்தையே. தொண்டை அடைப்பானை நேரில் கண்டறியாத இளம் பெற்றோருக்கு அச்சொல்லே புதிது. பாட்டிமார் காலத்தில் அச்சொல்லைக் கேட்டவுடன் வீடு நடுங்கும்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுக் குடியிருப்புகளாயின, லயங்கள் இடிந்தன. மாரியம்மன் கோயில்கள் பல நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நிபோங் திபால் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டில் சேரும் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுகாதாரக் குழுவினர் வந்து ஊசி போடுகின்றனர். பிள்ளைகள் அதனை 'ஊசி' என்றே சொல்வர். அம்மை குத்துதல் என்னும் சொல்லை அவர் அறியார். 1980க்கு முன் பிறந்தோர் கையில் உள்ள பெரிய வட்ட வடு அம்மைப்பாலின் வடு. அதற்குப்பின் பிறந்தோர் இடத்தோளில் உள்ள சிறிய வடு பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி.யால் வந்தது, சயநோய்க்கன்றி அம்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தும் சில வீடுகளில் பெரியவர்கள் அதனையும் 'அம்மை குத்தின தழும்பு' என்றே இன்றும் சொல்லிக் காட்டுகின்றனர்.